ஷியா பட்டர்: கிராமும் கப்பும், பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் பாடி பட்டர், லிப் பாம், சோப் எல்லாம் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஷியா பட்டர் (ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையில் இருந்து எடுக்கும் கொழுப்பு) கிராம் கணக்கில் வருகிறது. செய்முறையோ அரை கப், இரண்டு டேபிள்ஸ்பூன் என்கிறது. நான் பல வருடமாக 0.9 என்ற ஒரே எண்ணை வைத்துத்தான் சமாளிக்கிறேன். நம்பிப் பயன்படுத்தலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல.

உருகிய ஷியா பட்டர் ஒரு மில்லி, ஏறக்குறைய 0.9 கிராம். அப்படியென்றால் 100 கிராம் உருகினால் சுமார் 110 மில்லி. 15 மில்லி டேபிள்ஸ்பூனில் 13.5 கிராம், டீஸ்பூனில் 4.5 கிராம். கானாவில் இருந்து வரும் மஞ்சள் நிற, வாசனையுள்ள ரகமானாலும், சுத்திகரித்த வெள்ளை ரகமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"உருகிய" என்பதுதான் இதில் முக்கியம். சென்னையில் மே மாதம் ஷியா பட்டர் குழைந்து கிடக்கும், கரண்டியால் அழுத்தினால் கப் இடைவெளி இல்லாமல் நிரம்பும். மார்கழியில் அதே டப்பாவைச் சுரண்டினால் சீவல் சீவலாக வரும், கப்பில் பாதி காற்றுதான். அதனால் கட்டியாக இருக்கும்போது கப்பில் அளக்கவே வேண்டாம். வெந்நீரின் மேல் பாத்திரம் வைத்து உருக்கி அளந்தால் வருடம் முழுக்க ஒரே அளவு கிடைக்கும்.

அப்புறம், கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் கப் 237 மில்லி, அதில் சுமார் 213 கிராம் பிடிக்கும். 250 மில்லி கப்பில் 225 கிராம். 8 அவுன்ஸ் என்று எழுதியிருந்தாலும் இதே குழப்பம்தான். எடை அவுன்ஸ் என்றால் 227 கிராம், திரவ அவுன்ஸ் என்றால் 213 கிராம். பாடி பட்டரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கை கொஞ்சம் கூடுதலாகப் பிசுபிசுக்கும், அவ்வளவே.

சோப்புக்கு மட்டும் கப் கணக்கு கூடவே கூடாது. 100 கிராம் ஷியா பட்டரைச் சோப்பாக்கச் சுமார் 12.8 கிராம் காஸ்டிக் சோடா என்ற காரம் தேவை. பட்டர் குறைந்துவிட்டால் மீதி காரம் சோப்பிலேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். இதில் தராசு தவிர எதையும் நான் ஏற்கமாட்டேன்.

தராசுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு பாடி பட்டருக்கும், பெரிய அளவில் போடும் சோப்புக்கும் போதும். சின்ன அளவில் லிப் பாம் செய்ய 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு நல்லது. பேட்டரி இறங்கினால் எண் நிலைக்காமல் ஆடும். அப்போது பத்து ரூபாய் நாணயம் பத்தை வைத்துப் பார்ப்பேன். ஒன்று சுமார் 7.7 கிராம் என்பதால் 77 கிராம் பக்கம் காட்ட வேண்டும்.

விற்பனைக்குச் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விப்டு பட்டரில், அதாவது அடித்து நுரைக்க வைத்த பட்டரில், காற்று ஏறுவதால், எவ்வளவு அடிக்கிறோமோ அதற்கேற்ப அளவு பெருகும். 100 மில்லி ஜாடியை நிரப்பினாலும் உள்ளே 90 கிராம் இருக்காது, அதைவிட நன்றாகவே குறையும். லேபிளில் மில்லி போடாமல், ஜாடியை நிரப்பிய பிறகு எடைபோட்டு கிராமைப் போடுங்கள்.