கேமராவுல இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு போட்டோ: கேபிளா, கார்டு ரீடரா, போனா, பட்டன் டப்பாவா?

கேமராவுல யுஎஸ்பி ஓட்டை இருக்கு, ஹார்ட் டிஸ்க்லயும் யுஎஸ்பி இருக்கு, ரெண்டையும் ஒரு கேபிள்ல மாட்டிட்டா போட்டோ எல்லாம் அதுல போய் விழுந்துடாதா, நடுவுல எதுக்கு லேப்டாப்னு கேக்காத ஆளே கிடையாது. நானும் முதல் கேமரா வாங்கின புதுசுல இதைத்தான் பண்ணேன், அதுக்குன்னு ஒரு கன்வெர்ட்டர் வேற தேடிப்பிடிச்சு வாங்கி சொருகினேன். ஹார்ட் டிஸ்க் லைட்டு கூட எரியல.

விஷயம் என்னன்னா யுஎஸ்பில ரெண்டு முனையும் சமம் இல்ல. ஒரு பக்கம் ஹோஸ்ட், இன்னொரு பக்கம் டிவைஸ். கரண்ட் குடுக்கறதும் ஹோஸ்ட் தான், இந்த ஃபைலை எடு அங்க எழுதுன்னு உத்தரவு போடறதும் ஹோஸ்ட் தான். கேமராவும் டிவைஸ், ஹார்ட் டிஸ்க்கும் டிவைஸ், ரெண்டு பேரும் அவன் முதல்ல பேசட்டும்னு வாய மூடிட்டு உக்காந்திருந்தா பேச்சு எங்க நடக்கும்? 2001ல வந்த ஓடிஜிங்கற யுஎஸ்பி முறை இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு, போன் மாதிரி ஒரு சாமான் தேவைப்பட்டா ஹோஸ்ட் வேஷமும் கட்டலாம்னு. ஆனா கேமரா கம்பெனிங்க ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரல. லூமிக்ஸ் எஸ்5 2எக்ஸ் மாதிரி சில கேமரா வீடியோவை நேரா யுஎஸ்பி எஸ்எஸ்டில (சுத்தற தட்டு இல்லாம சிப்ல எழுதற டிஸ்க்) எழுதும், ஹாசல்பிளாட் எக்ஸ்2டில உள்ளயே 1 டிபி எஸ்எஸ்டி இருக்கு, அதெல்லாம் நம்ம பேச்சுல வர்ற கேமரா இல்ல.

அதனால எந்த வழியில போனாலும் நடுவுல யாரு ஹோஸ்ட்டுங்கறதுதான் கேள்வி. அதை வச்சே பாப்போம்.

முதல்ல பெட்டியோட வர்ற கேபிள். கேமராவை லேப்டாப்ல மாட்டு, இன்னொரு போர்ட்ல ஹார்ட் டிஸ்க்கை மாட்டு, இழுத்துப் போடு. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா நிறைய பழைய டிஎஸ்எல்ஆர்ல இருக்கறது யுஎஸ்பி 2.0, பேப்பர்ல 480 மெகாபிட், கைக்கு வர்றது செகண்டுக்கு 30லிருந்து 40 எம்பி. நிரம்பின 64 ஜிபி கார்டுன்னா அரை மணி நேரம் பக்கம் ஆகும், அந்த அரை மணி நேரமும் கேமரா ஆன்ல இருக்கணும், பேட்டரி கரையும், பாதியில ஆஃப் ஆச்சுன்னா காபியும் பாதியில நிக்கும். புது மிரர்லெஸ்ல யுஎஸ்பி-சி வந்து வேகம் ஏறியிருக்கு, சிலது கேபிள்லயே கரண்டும் வாங்கிக்கும், அது வரைக்கும் சந்தோஷம். இன்னொரு எரிச்சல், கேமரா பொதுவா பிடிபி முறையில பேசும், அதாவது பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் லெட்டரோட வந்து நிக்காது, ஏதோ ஒரு கேமரா ஐகானா தெரியும். அதனால காபி பண்ணி சரிபார்க்கற டெராகாபி மாதிரி சாஃப்ட்வேர் எதுக்கும் அது பிடிபடாது. மெனுவுல மாஸ் ஸ்டோரேஜ்னு ஒரு ஆப்ஷன் இருந்தா மாத்திக்கோங்க, எல்லாத்துலயும் இருக்காது. கார்டு ரீடர் தொலைஞ்சு போன நாளுக்கு மட்டும் இந்த வழி.

கார்டு ரீடர் பாக்க ஒண்ணுமில்லாத சாமான், ஆனா மொத்த ஆட்டமும் இதுலதான். கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டா கேமரா பேட்டரி பத்தி கவலை இல்ல, கார்டு ஒரு சாதாரண டிரைவா வந்து நிக்கும், எந்த சாஃப்ட்வேர் வேணா யூஸ் பண்ணலாம். எஸ்டி கார்டுல யுஎச்எஸ்னு வேக வகை இருக்கு, யுஎச்எஸ்-1 கார்டுக்கு உச்ச வரம்பு செகண்டுக்கு 104 எம்பி, நிஜத்துல 90 வந்தாலே அதே 64 ஜிபி பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். யுஎச்எஸ்-2 கார்டுன்னா 312 வரைக்கும் போகும், பின்பக்கம் திருப்பிப் பாத்தா ரெண்டாவதா இன்னொரு வரிசை உலோக முனை இருக்கும், அதை வச்சு கண்டுபிடிச்சிடலாம்.

இங்கதான் ஆளுங்க ஏமாறுறது. காசைக் கொட்டி யுஎச்எஸ்-2 கார்டு வாங்கிட்டு அதை யாரோ குடுத்த பழைய ரீடர்ல போட்டுட்டு கார்டு டூப்ளிகேட் போலருக்குன்னு புலம்புவாங்க, அந்த ரீடர்ல ரெண்டாவது வரிசைக்கு ஊசியே இருக்காது, அப்ப அது யுஎச்எஸ்-1 ஆத்தான் ஓடும். ரீடரே யுஎஸ்பி 2.0ன்னா கேட்கவே வேணாம், எந்தக் கார்டு போட்டாலும் அதே 35, 40 தான். அப்புறம் யுஎச்எஸ்-1 கார்டு மேலயே 170, 200னு போட்டிருப்பான், அது பொய் இல்ல, ஆனா அதுக்குன்னே ஏத்த ரீடர் இருந்தாதான் அந்த நம்பர் வரும். கேபிள்லயும் ஒரு கூத்து இருக்கு, போன் சார்ஜரோட வர்ற சி-டு-சி கேபிள் பலதுல உள்ள யுஎஸ்பி 2.0 கம்பி மட்டும்தான் இருக்கும், வெளிய பாத்தா எல்லாம் ஒரே மாதிரி. எஸ்எஸ்டியோட வந்த குட்டை கேபிளை பத்திரமா வச்சுக்கோங்க.

குறைன்னு சொன்னா, அடிக்கடி கழட்டி மாட்டறதுல எஸ்டி கார்டோட லாக் பட்டன் தானா இறங்கிடும், திரும்ப கேமராவுல போட்டா எழுத முடியாதுன்னு கத்தும். காம்பாக்ட் ஃப்ளாஷ்ங்கற பழைய பெரிய கார்டுன்னா கோணலா அமுக்கி ரீடர் பின்னை வளைச்சவங்க கதை ஏராளம். மெதுவா சொருகினா போதும்.

சரி, லேப்டாப் தூக்க முடியாது, பயணம், பை கனம். இப்ப போன் தான் ஹோஸ்ட். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கற சின்ன யுஎஸ்பி-சி ஹப், அதுல ஒரு பக்கம் கார்டு ரீடர், இன்னொரு பக்கம் எஸ்எஸ்டி, ஃபைல் ஆப்ல செலக்ட் பண்ணி காபி பேஸ்ட். ஆண்ட்ராய்டுல இது ரொம்ப நாளா நடக்குது, ஐபோன்ல 2019ல ஐஓஎஸ் 13 வந்தப்புறம் ஃபைல்ஸ் ஆப்லயே வெளி டிரைவ் தெரியுது. எனக்கு இது பிடிச்ச வழி, ஆனா மூணு இடத்துல காலை வாரும்.

கரண்ட் தான் முதல்ல. யுஎஸ்பி 2.0 கணக்குப்படி போர்ட் குடுக்கறது 500 மில்லிஆம்ப், 3.0ல 900. சுத்தற ஹார்ட் டிஸ்க் ஸ்டார்ட் ஆகும்போதே அதுக்கு மேல இழுக்கும், போன் தாங்காது, டிக் டிக்னு சத்தம் போட்டு நின்னுடும், அந்த சத்தத்தைக் கேட்டா நெஞ்சு பதறும். எஸ்எஸ்டி பரவாயில்ல, அதுலயும் சார்ஜர் சொருகற ஓட்டை இருக்கற ஹப்பா பாத்து வாங்கி பவர் பேங்க்கை மாட்டிட்டா நிம்மதி. அடுத்தது ஃபார்மேட், அதாவது டிரைவ் ஃபைலை அடுக்கி வைக்கற முறை. விண்டோஸ்காரங்க டிரைவை என்டிஎஃப்எஸ்ல வச்சிருப்பாங்க, நிறைய போனுக்கு அது புரியாது, எக்ஸ்ஃபேட் தான் எல்லாருக்கும் பொது, கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்ல மாட்டிப் பாத்துடுங்க. ஃபேட்32ல வச்சா 4 ஜிபிக்கு மேல இருக்கற வீடியோ ஃபைல் ஒண்ணும் போகாது. மூணாவது போனோட வேகம். ஐபோன் 15ல சி போர்ட் வந்துச்சுன்னு எல்லாரும் குஷியானாங்க, ஆனா சாதா 15ல அது யுஎஸ்பி 2.0 வேகம் தான், 15 ப்ரோல தான் 10 கிகாபிட். ஆண்ட்ராய்டுலயும் இதே கதை, போர்ட் ஷேப்பை வச்சு வேகத்தை சொல்ல முடியாது. அப்புறம் காபி ஓடும்போது ஸ்கிரீனை அணைச்சுட்டு போனைப் பாக்கெட்ல போட்டுடாதீங்க, ஆப்பை பேக்ரவுண்ட்ல தூங்க வச்சிடும்.

கடைசியா அந்த பட்டன் டப்பா, அதாவது பட்டனை அமுக்கினா தானே காபி பண்ற, கார்டு ஸ்லாட்டும் பேட்டரியும் உள்ளயே இருக்கற ஸ்டோரேஜ். இது புது ஐடியா ஒண்ணும் இல்ல, 2004லயே எப்சன் பி-2000னு 40 ஜிபி டிஸ்க்கும் ஸ்கிரீனும் வச்சு ஒண்ணு வந்துச்சு, அப்ப அது பெரிய விஷயம். அப்புறம் டபிள்யூடி மை பாஸ்போர்ட் வயர்லெஸ் ப்ரோ மாதிரி வந்துச்சு, கார்டை சொருகினா அதுவே இழுத்துக்கும். கல்யாண போட்டோகிராபர் மாதிரி மூச்சு விட நேரமில்லாதவங்களுக்கு இது சுகம்தான், நான் மறுக்கல. ஆனா ஸ்கிரீன் இல்லாத டப்பால நாலு லைட்டு எரிஞ்சு அணைஞ்சதும் எல்லாம் ஏறிடுச்சுன்னு நம்பி கார்டை அழிக்க எனக்கு தைரியம் வராது. உள்ள இருக்கற பேட்டரி கிழடானா மொத்த டப்பாவும் கிழடு. போன்லயே இந்த வேலை முடியும்போது இதுக்குத் தனி காசு எதுக்குன்னும் தோணுது.

எதுல கொண்டு போய் போடறதுங்கறதையும் சொல்லிடறேன், சுருக்கமா. பென் டிரைவ் வேணாம். ரீட் ஸ்பீடை பெருசா போட்டு ரைட் ஸ்பீடை சொல்லவே மாட்டான், விலை கம்மியானது பலது ஆரம்பத்துல ஜோரா ஓடி சூடானதும் 15 எம்பிக்கு இறங்கிடும், அந்த வேகத்துல 64 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. ஹார்ட் டிஸ்க் 100 சொச்சம் எம்பி எழுதும், யுஎச்எஸ்-1 கார்டுக்கு அதுவே போதும், வீட்ல மேஜை மேல வச்சுக்க சூப்பர், பையில வச்சு ஓட்டத்துலயே காபி பண்ணக்கூடாது. வெளிய போனா எஸ்எஸ்டி தான், அதுலயும் செகண்டுக்கு 500 எம்பி ஓடற சாதா வகையே போதும், 1000, 2000னு விக்கறதை வாங்கினாலும் உங்க கார்டு அந்த வேகத்துக்கு தரப்போறதில்ல.

வேகத்தைப் பத்தியே பேசறோம், போட்டோ தொலையறது பெரும்பாலும் வேற இடத்துல. கேமரா ஃபைலுக்கு 0001லிருந்து 9999 வரைக்கும் தான் நம்பர் வைக்கும், முடிஞ்சா அடுத்த ஃபோல்டர்ல திரும்பவும் 0001. நம்பரிங் ரீசெட்னு செட்டிங் இருந்துச்சுன்னா ஒவ்வொரு கார்டும் 0001ல ஆரம்பிக்கும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டினா ஒரு நாள் ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்கும், தூக்கக் கலக்கத்துல எஸ் குடுத்தா முடிஞ்சது. நான் குடுத்திருக்கேன். நூத்துக்கும் மேல போட்டோ, ஒரு நாள் பூராவும் எடுத்தது, திரும்பி வரல. அதுக்கப்புறம் தேதி போட்டு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கார்டு 1, கார்டு 2.

இப்ப என் வழக்கம் இதுதான்: வீட்ல இருந்தா ரீடர், லேப்டாப், டெராகாபில வெரிஃபை ஆன் பண்ணி ஹார்ட் டிஸ்க்குக்கு. வெளியன்னா போன், ஹப், எஸ்எஸ்டி, காபி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த சைஸும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு எஸ்எஸ்டில இருந்தே அங்கங்க பத்து போட்டோ திறந்து பாப்பேன், அப்புறம் எஜெக்ட் குடுத்துட்டுத்தான் பிடுங்கறது, ஏன்னா எக்ஸ்ஃபேட் பாதி எழுத்துல பிடுங்கினா ஈஸியா கெட்டுப்போகும். கட் பேஸ்ட் மட்டும் எந்தக் காலத்துலயும் கிடையாது. கார்டை வீட்டுக்கு வந்து ரெண்டாவது காபி எடுத்தப்புறம் தான் அழிக்கறது, அதுவும் கேமராவுல போட்டு அங்கயே ஃபார்மேட்.