வரியா பச்சை வரியா, வெள்ளையா வனாமியா: ஐஸ் பெட்டி இறாலை உடலமைப்பால் பிரிப்பது எப்படி

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு இறால் கிழக்குக் கரையிலிருந்தும், பாலக்காடு வழியாகக் கேரளத்திலிருந்தும் ஐஸில் வருகிறது. வந்து சேருவதற்குள் மீசை ஒடிந்துவிடும், நிறம் மங்கிவிடும், தலை கறுக்கத் தொடங்கிவிடும். கல்லூரி ஆய்வகத்துக்குப் போய் ஃபார்மலினில் கிடந்தால் மிச்ச நிறமும் போய்விடும். அதனால் இங்கே இருப்பவர்கள் நிறத்தைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஓட்டின் வரப்பு, பள்ளம், கால் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் அது கடல் இறால்தானா என்று பாருங்கள். நன்னீரில் வாழும் காவிரி இறாலில் (மாக்ரோபிராக்கியம்) வயிற்றுப் பகுதியின் இரண்டாம் வளையத் தகடு முன்னும் பின்னும் உள்ள இரண்டு தகடுகளின் மேலும் படிந்திருக்கும். முதல் இரண்டு ஜோடிக் கால்களில்தான் இடுக்கி உண்டு. கடல் இறால்களான பீனியஸ் குடும்பத்தில் மூன்று ஜோடிகளில் இடுக்கி இருக்கும், தகடுகள் ஓடு வேய்ந்தது போல முன்னது பின்னதன் மேல் வரிசையாகப் படியும்.

தேவையானவை பத்து மடங்கு லென்ஸ், ஒரு ஊசி, பக்கவாட்டில் பிடிக்க செல்போன் விளக்கு. மேலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் வரப்பும் பள்ளமும் தெரியாது. ஓட்டைக் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் பாருங்கள்.

தலைக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு முள்ளின் பற்களை மேலே இத்தனை, கீழே இத்தனை என்று எழுதுவது வழக்கம். தலையோட்டின் மேல் தனித்து நிற்கும் கடைசிப் பல்லையும் மேல் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் சேர்த்து மற்றவர் விட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம். முள் நுனி ஒடிந்து மீண்டும் வளர்ந்திருந்தால் அந்த இறாலைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஒரே பெட்டியில் பத்து இறாலாவது எண்ணினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கருப்பு வரி இறாலும் பச்சை வரி இறாலும்

பீனியஸ் மோனோடானும் (கருப்பு வரி) பீனியஸ் செமிசல்கேட்டஸும் (பச்சை வரி) உடலில் பட்டை உள்ளவை. இரண்டிலும் மேல் பற்கள் பெரும்பாலும் 7, கீழே 3. எனவே இந்த ஜோடிக்குப் பல் கணக்கு உதவாது.

நம்பத்தக்கது ஐந்தாம் நடைக்கால்தான். இறாலை மல்லாத்தி, நடைக்கால்களில் பின்னாலிருந்து முதல் ஜோடியை ஊசியால் விலக்கி, அடிக்கணுவைப் பாருங்கள். மயிர் விளிம்புள்ள சிறு கிளை ஒன்று வெளிப்பக்கம் இருந்தால் செமிசல்கேட்டஸ். இல்லையென்றால் மோனோடான். முன்னாலிருந்து எண்ணினால் நான்காம் காலின் கிளையை ஐந்தாவதன் கிளை என்று எடுத்துக்கொள்ளும் தவறு நேரும். அந்தக் கிளை நான்காம் காலில் இரண்டு இனத்துக்கும் உண்டு. செமிசல்கேட்டஸின் ஐந்தாம் காலில் இது மிகச் சிறியது, ஓட்டு விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் ஓட்டைச் சற்றே தூக்கிப் பார்க்காமல் "இல்லை" என்று எழுதக் கூடாது.

அடுத்த சாட்சி தலையோட்டின் பக்கத்தில் ஓடும் ஈரல் வரப்பு. மோனோடானில் அது ஏறக்குறையக் கிடைமட்டம். செமிசல்கேட்டஸில் முன்பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கும். மூன்றாவது, மூக்கு முள்ளுக்குப் பின்னால் முதுகில் ஓடும் வரப்பு. செமிசல்கேட்டஸில் அதன் நடுவே தெளிவான பள்ளம் உண்டு, மோனோடானில் இல்லை அல்லது மிக மங்கல். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

மீசை தப்பிப் பிழைத்திருந்தால் அதுவும் பேசும்: செமிசல்கேட்டஸ் மீசையில் மாறி மாறிப் பட்டை, மோனோடானில் ஒரே நிறம். அளவு ஒருபக்கச் சாட்சிதான். 30 செ.மீ. தொடும் இறால் மோனோடானாகவே இருக்கும், சிறியது எதுவாகவும் இருக்கலாம். உடல் நிறத்தை நம்பாததற்குக் காரணம், தீவனமும் குளத்தின் தன்மையும் மோனோடானை நீலமாகவோ பழுப்பாகவோ மாற்றிவிடும்.

நாட்டு வெள்ளையும் வனாமியும்

வனாமி பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. இந்தியாவில் 2009-இல் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் பண்ணைகளை நிறைத்தது. நாட்டு வெள்ளை (பீனியஸ் இண்டிகஸ்) கேரளப் பெட்டியில் நாரன் என்ற பெயரில் வரும்.

இங்கே பல் கணக்கு நன்றாகவே உதவும், ஆனால் கீழ்ப் பற்களை எண்ண வேண்டும். வனாமியில் பெரும்பாலும் 2, இண்டிகஸில் பொதுவாக 4 முதல் 6. இண்டிகஸின் முள் நீண்டு மெலிந்து லேசாக நெளியும், வளர்ந்த வனாமியின் முள் குட்டை. கீழே 3 இருந்தால் இரண்டு பக்கமும் இழுக்கும். அப்போது பெண் இறாலின் கடைசி இரு கால் ஜோடிகளுக்கு நடுவே மார்பில் உள்ள பெண் உறுப்பைப் பாருங்கள். இண்டிகஸில் இரு தகடுகள் மூடிய பை போல இருக்கும். வனாமியில் அப்படிப் பை இல்லை, திறந்த இடம்தான். இளம் பெண் இறாலில் அந்த உறுப்பு வளர்ந்திருக்காது, எனவே பெரியதாகத் தேர்ந்தெடுங்கள்.

இண்டிகஸோடு குழம்பக்கூடிய இன்னொன்று பீனியஸ் மெர்கியென்சிஸ். அதன் முள்ளின் அடி முக்கோணமாக உயர்ந்து நிற்கும். கண்குழிக்கும், தலையோட்டின் பக்கத்தில் உள்ள ஈரல் முள்ளுக்கும் இடையே உள்ள வரப்பு இண்டிகஸில் பின்பக்க மூன்றில் இரண்டு பங்கு நீளம் தெளிவாகத் தெரியும், மெர்கியென்சிஸில் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

முள்ளின் கீழே பல்லே இல்லையென்றால் பீனியஸை விட்டுவிடுங்கள். மெட்டாபீனியஸ் இனங்களில் மேலே மட்டும்தான் பல். அவற்றில் பூவாலனின் (டாப்சோனி) முள் நுனிப் பகுதி பல்லில்லாமல் வழவழவென்றிருக்கும், சூடனில் (மோனோசெரஸ்) பற்கள் நுனிவரை ஓடும். கரிக்காடி (பாராபீனியாப்சிஸ்) வேறு பேரினம், அதற்கும் கீழே பல் இல்லை; அதன் வால் நடுமுள்ளில் நுனிக்கருகே அசையாத ஒரு ஜோடி முட்கள் உண்டு.

தலை நீக்கிய இறால்

தலையை நீக்கும்போது முள், வரப்பு, நடைக்கால், பெண் உறுப்பு எல்லாமே போய்விடும். ஆணின் இனப்பெருக்க உறுப்பான பெட்டாஸ்மா மட்டும் வயிற்றின் முதல் நீச்சல் காலில் இருப்பதால் மிஞ்சும். இண்டிகஸில் அதன் நுனியில் நடுப்புடைப்பு ஒன்று நீண்டிருக்கும். வனாமியில் புடைப்பு இல்லை, பக்க விலாக்களும் (ஓரத் தடிப்புகள்) குட்டையாக, நுனியை எட்டாமல் நிற்கும். எனவே பெட்டியில் ஆண்களைத் தேடுங்கள். ஓடு, கால் இரண்டையும் உரித்துவிட்ட இறாலுக்கு உடலமைப்பால் இனம் சொல்ல முடியாது. ஆய்வகப் பதிவேட்டில் "பீனியஸ், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள், கடைக்காரர் சொன்ன பெயரைத் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.