வண்ணச் சோடா, கோர்டியல், செவ்விளநீர், வெறும் சோடா: ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் குளிர்ச்சியான ஒரு பானம் இல்லாமல் பகலைக் கழிப்பது கடினம். எங்கள் வீட்டில் அந்தப் பானத்தை இரண்டு பேரின் உடல்நிலையை முன்வைத்துத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது. அவனுடைய மாமிக்குச் சில உணவுகள் பட்டால் தோல் தடித்துச் சிவந்து அரிக்கும். வண்ணச் சோடா, தண்ணீர் கலந்து குடிக்கும் கோர்டியல், செவ்விளநீர், மோர், தேசிக்காய் பிழிந்த வெறும் சோடா ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நாங்கள் தேசிக்காய்ச் சோடாவில் நிலைத்துவிட்டோம். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே செல்லும்.

சீனியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் நிற வட்டம் இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டதற்கு மஞ்சள். ஆனால் ஒவ்வாமைக்கு இந்த வட்டம் வழிகாட்டி அன்று. பச்சை வட்டமுள்ள போத்தலிலும் நிறமூட்டி இருக்கலாம். சீனிக்குப் பதிலாக, உணவுச் சேர்பொருள் பட்டியலில் 951 என்ற எண்ணுடைய அஸ்பார்டேம் இருக்கலாம். பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பானம் கடைத் தட்டில் எத்தனை மாதம் கெடாமல் இருக்க வேண்டும்? பழச்சாறும் சீனியும் நீரும் சேர்ந்த இடத்தில் மதுவமும் (ஈஸ்ட்) பூஞ்சையும் வளரும். அவற்றைத் தடுக்கப் பாதுகாப்புப் பொருள் தேவைப்படுகிறது. உடலுக்கு ஒத்துவராமல் போவது பல வேளைகளில் பழமோ சீனியோ அல்ல, அந்தப் பாதுகாப்புப் பொருள்தான். வாயு அடைத்த இனிப்புச் சோடாக்களில் பெரும்பாலும் 211 என்ற எண்ணுடைய சோடியம் பென்சோவேற்று சேர்க்கப்படுகிறது. வாயு இல்லாத கோர்டியல்களில் 220 முதல் 228 வரையான சல்பைற்று வகைகளே அதிகம். பென்சோவேற்று சிலருக்குத் தோல் தடிப்பைத் தூண்டக்கூடும். சல்பைற்று தொய்வுக்காரரில் ஒரு பகுதியினருக்கு மூச்சை இறுக்கும்.

சல்பைற்று குறித்துச் சற்று நின்று சொல்ல வேண்டும். புளிப்புள்ள திரவத்தில் அது கந்தகவீரொட்சைட்டு வாயுவாக வெளியேறும். பிள்ளை ஒரு மடக்குக் குடிக்கும்போது அந்த வாயுவில் ஒரு சிறு பங்கு மூச்சோடு உள்ளே போய் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கிறது. அதனால்தான் அதே பொருள் சேர்ந்த திண்ம உணவைத் தாங்கிக்கொள்ளும் ஒருவருக்கும் கோர்டியல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சல்பைற்றைச் சுட்டுத்துண்டில் அறிவிக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவு நியமம். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எண் மாறாது என்பதால், 211, 220 முதல் 228 ஆகியவற்றை மனப்பாடம் செய்துவைத்திருப்பது கடையில் நிற்கும்போது உதவுகிறது.

நிறமூட்டிகளையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்: மஞ்சளுக்கு 102, செம்மஞ்சளுக்கு 110, சிவப்புக்கு 122, 124, 129. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் 2007 ஆம் ஆண்டு ஆய்வு இத்தகைய நிறங்களையும் பென்சோவேற்றையும் கலந்து கொடுத்துப் பிள்ளைகளின் அமைதியின்மையை அளந்தது. அதன் பின்னர், 2010 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த நிறங்களைக் கொண்ட உணவுகள் எச்சரிக்கை வாசகம் தாங்குகின்றன. தோல் தடிப்பு, தொய்வு ஆகியவற்றோடு நிறங்களுக்குள்ள தொடர்பு சிலரிடத்தில் மட்டுமே காணப்படுவது; எல்லோருக்கும் பொதுவாக அதைச் சொல்லிவிட முடியாது.

வெறும் சோடாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீரும் காபனீரொட்சைட்டும் மட்டுமே உள்ள போத்தலில் மதுவத்துக்கு உண்ண எதுவும் கிடையாது; ஆகவே பாதுகாப்புப் பொருளுக்கும் அங்கே வேலை இல்லை. பழமும் சீனியும் குடிக்கும் நேரத்தில்தான் சேர்கின்றன. 200 மில்லிலீற்றர் சோடாவில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு தேக்கரண்டிச் சீனியும் கலந்தால், சீனி ஏறத்தாழ 8 கிராம். அதாவது 100 மில்லிலீற்றருக்கு 4 கிராம். நசுக்கிய இஞ்சியும் சேர்த்தால் பிள்ளைகள் வண்ணச் சோடாவைக் கேட்பது குறையும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: போத்தலில் அடைத்து விற்கும் தேசிக்காய்ச் சாற்றில் சல்பைற்று மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், பழமாகவே வாங்க வேண்டும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு வாயுவும் புளிப்பும் சேர்ந்த இந்தப் பானத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செவ்விளநீரும் அதே கேள்வியில் தேறுகிறது. அதற்கு மட்டையே போத்தல். வெட்டியவுடன் குடிக்க வேண்டியதாக இருப்பதுதான் அதன் நன்மை, பாடசாலைக்குக் கொடுத்துவிட முடியாமல் இருப்பதுதான் அதன் குறை. இளநீரில் பொற்றாசியம் அதிகம், 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் வரை இருக்கும். எனவே சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மோரைப் பற்றி எங்கள் அனுபவம் குறைவு, பாலால் தொந்தரவுப்படுபவர் வீட்டில் இல்லை. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்துத் தயிரில் கடைந்த மோரில் பாலைவிட லக்டோசு என்னும் பாற்சீனி குறைந்திருக்கும். லக்டோசு ஒத்துக்கொள்ளாத பலர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். பாற்புரத ஒவ்வாமை வேறு, அவர்களுக்கு மோரும் விலக்கே. கோதுமைப் பசையம் ஆகாதவர்கள் பார்லித் தண்ணீரையும் மோல்ற் பானங்களையும் விலக்க வேண்டும். பார்லியிலும் அந்தப் புரதக் குடும்பம் இருக்கிறது.

கலியாண வீடுகளில் வரவேற்புப் பானமாகத் தட்டில் வருவது பெரும்பாலும் கோர்டியல்தான். அங்கே மகனுக்கென்று ஒரு போத்தல் வெறும் சோடாவைத் திறக்காமல் தரும்படி கேட்டுக்கொள்கிறோம், தேசிக்காயைப் பந்தி பரிமாறுபவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.