189, 190, 491, 482: ஆஸ்திரேலியாவில் குடியேற யாருக்கு எந்த விசா பொருந்தும்?

ஆஸ்திரேலியாவின் புள்ளி முறையில் 32 வயதுக்காரருக்கு வயதுக்காக மட்டும் 30 புள்ளிகள் உண்டு. 33ஆவது பிறந்தநாள் வந்ததும் அது 25 ஆகிறது. 40இல் 15 ஆகக் குறைகிறது. 45 நிறைந்துவிட்டால் புள்ளி வழி விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசு விடுக்கும் அழைப்பே கிடையாது. நம் ஊர்களில் இந்த விசாக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையுமே ஒப்பிடுகிறார்கள். முதலில் ஒப்பிட வேண்டியது நம் வயதையும், எந்த விசா நம்மை யாரிடம் எத்தனை ஆண்டுகள் கட்டிவைக்கிறது என்பதையும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே அந்த இரண்டையும் அளவுகோலாகக் கொண்டே இந்த வழிகளை இங்கே பார்க்கிறேன்.

189, 190, 491 ஆகிய மூன்றுக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றே. குறைந்தபட்சத் தகுதி 65 புள்ளிகள். 189 என்பது யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேரடியாக நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., தரும் விசா. 190உம் நிரந்தர விசாதான். ஆனால் ஒரு மாநிலம் நம்மைப் பரிந்துரைக்க வேண்டும், அதற்காக 5 புள்ளிகள் கூடும். 491 ஐந்தாண்டுகளுக்கான தற்காலிக விசா. மாநிலமோ, பிராந்தியப் பகுதியில் வாழும் தகுதியுள்ள உறவினரோ பரிந்துரைத்தால் 15 புள்ளிகள் கூடும். 482 முற்றிலும் வேறு வகை: அதில் புள்ளியே இல்லை, நம்மை வேலைக்கு அமர்த்த ஒரு நிறுவனம் முன்வர வேண்டும்.

கணக்கு எப்படி விழுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் ஆறு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் வேலை செய்யும், திருமணமாகாத, 31 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30, பொறியியல் பட்டத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவுகளிலும் 8 எடுத்திருந்தால் ஆங்கிலத்துக்கு 20, தனியாளாக இருப்பதற்கு 10. அனுபவத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கணினித் துறையினரின் தகுதியை மதிப்பிடும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், பட்டமும் வேலையும் நெருக்கமாகப் பொருந்தினாலும் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டே அனுபவத்தை எண்ணும். ஆறு ஆண்டுகள் நான்காகிவிடும். நான்குக்கு 5 புள்ளிகள்தான். மொத்தம் 80. அவர் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி (NAATI) என்ற ஆஸ்திரேலிய அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வை எழுதினால் இன்னும் 5 புள்ளிகள் சேரும். அந்தத் தேர்வு நடக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நடக்கும் இரண்டு உரையாடல்களைக் கேட்டு வாய்மொழியாக மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வோர் உரையாடலிலும் 45க்கு 29ஆவது வேண்டும். இதையும் சேர்த்து அவருக்கு 189இல் 85, 190இல் 90, 491இல் 100 ஆகிறது.

ஒரே பெண், ஒரே படிப்பு. மூன்று விசாக்களில் மூன்று எண்கள். மென்பொருள், கணக்கியல் போன்ற நெரிசல் மிகுந்த துறைகளில் அழைப்பு வருவதும் வராததும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. செவிலியர், பள்ளி ஆசிரியர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோருக்கு அண்மை ஆண்டுகளில் முன்னுரிமை தரப்படுவதால், அவர்கள் குறைந்த புள்ளிகளிலேயே 189 அழைப்பைப் பெற்றிருக்கிறார்கள். மென்பொருள்காரர் 65 புள்ளிகளோடு 189ஐ நம்பிக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதே.

ஆங்கிலம், வயது, அனுபவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டும் விதத்தையும் கவனிக்க வேண்டும். 33இல் வயதால் இழக்கும் 5 புள்ளிகளை, அதே காலத்தில் கூடும் அனுபவம் ஓரளவு திருப்பித் தந்துவிடும். ஆனால் 40இல் இழக்கும் 10 புள்ளிகளை அப்படி மீட்க முடியாது. வெளிநாட்டு அனுபவத்துக்கு உச்சமே 15 புள்ளிகள்தான், எட்டு ஆண்டுகள் எண்ணப்பட்டவர் அதை ஏற்கெனவே வாங்கியிருப்பார். திருமணமும் கணக்கை மாற்றுகிறது. தனியாளுக்கு உரிய 10 புள்ளிகள், துணைவர் ஆங்கிலத் தேர்வே எழுதாமல் இருந்தால் பூஜ்யமாகிவிடும். துணைவர் ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒவ்வொரு பிரிவிலும் 6 எடுத்தால் 5 திரும்பக் கிடைக்கும். 45 வயதுக்கு உட்பட்ட அவருக்கு உரிய பட்டியலில் உள்ள தொழிலில் திறன் மதிப்பீடும் முடிந்திருந்தால் முழுப் பத்தும் கிடைக்கும். முதன்மை விண்ணப்பதாரர் ஏழாவது முறையாகத் தேர்வெழுதிக்கொண்டிருக்க, மனைவியை ஒருமுறையேனும் தேர்வுக்கு உட்காரவைக்க யாரும் எண்ணாத வீடுகள் இருக்கின்றன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சில வீடுகளில் மனைவியின் தொழில்தான் தேவை மிகுந்த தொழிலாக இருக்கும். அங்கே அவரே முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டியவர்.

இனி 189ஐயும் 190ஐயும் பார்ப்போம். 2024-25 திட்ட ஆண்டில் 189க்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 16,900. மாநிலப் பரிந்துரை விசாவான 190க்கு 33,000. பிராந்திய விசாக்களுக்கு 33,000. நிறுவனங்கள் வழியாக வருவோருக்கு 44,000. 189 யாருக்கும் கட்டுப்படாத விசா என்பதால் எல்லோரும் அதை விரும்புகிறார்கள், அதற்கு உரிய இடங்களோ இவற்றுள் மிகக் குறைவு. 190 பெறுகிறவர் பரிந்துரைத்த மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் வாழ்வதாக ஒப்புக்கொள்கிறார். இது விசாவிலேயே எழுதப்பட்ட நிபந்தனை அன்று, மாநிலத்துக்குக் கொடுக்கும் வாக்கு. இருந்தாலும் கொடுத்த வாக்கைக் காப்பதே முறை என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு மாநிலமும் தனித் தொழிற்பட்டியலும் தனி விதிகளும் வைத்திருக்கிறது. ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பல மாநிலங்கள் முதலிடம் தருகின்றன. இரண்டு விசாக்களுக்கும் இடையே இதற்கு மேல் பெரிய வேறுபாடு இல்லை.

491ஐப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தவறான அச்சத்தால் அதிகம் ஒதுக்கப்படும் வழி அதுவே. "பிராந்தியப் பகுதி" என்றதும் ஆடு மேய்க்கும் வறண்ட நிலத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 2019 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள வரையறையின்படி சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகளைத் தவிர ஏனைய நாடு முழுவதும் பிராந்தியப் பகுதிதான். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட், டார்வின், கோல்டு கோஸ்ட், நியூகாசில், வொல்லொங்காங், ஜீலாங் எல்லாம் அதற்குள் அடக்கம். அடிலெய்டும் பெர்த்தும் மாநிலத் தலைநகரங்கள்; பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் உள்ள ஊர்கள். ஒரு பிராந்தியப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் விசா நிபந்தனை தடையாக இல்லை. 491 விசாக்காரருக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு.

மூன்று ஆண்டுகள் நிபந்தனைப்படி வாழ்ந்து, மூன்று வருமான ஆண்டுகளுக்கான வரி மதிப்பீட்டு அறிக்கைகளைக் காட்டினால், 191 என்னும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே பலரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியக் குடிமகனாவதற்கு நான்கு ஆண்டுகள் சட்டப்படி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அவற்றில் கடைசி 12 மாதங்கள் நிரந்தர விசாவில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ 189 விசாவோடு போய் இறங்குகிறவருக்கும் நான்கு ஆண்டுகள் வேண்டும். 491இல் இறங்குகிறவருக்கு மூன்று ஆண்டுகளும், 191 கிடைத்தபின் ஓராண்டும் வேண்டும். ஆக, குடியுரிமைக்கு ஆகும் காலத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, 191 விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்கள் மட்டுமே. 189 அழைப்புக்காக நாட்டுக்கு வெளியே இரண்டு ஆண்டுகள் காத்திருப்பவர், உடனே 491இல் புறப்பட்டவரைவிடப் பின்தங்கிப்போவார்.

491இன் குறைகளையும் மறைக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பினால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டும். தற்காலிகக் குடியிருப்பாளர் என்பதால், 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள தடையின்படி, ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் 189, 190, நிறுவனம் வழியாகப் பெறும் நிரந்தர விசாவான 186 ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. அதாவது உள்ளே போனபின் மனம் மாறி வேறு வழிக்குத் தாவ வழியில்லை. வாழ்வதும் வேலை செய்வதும் படிப்பதும் பிராந்தியப் பகுதியிலேயே இருக்க வேண்டும் என்பது உண்மையான விசா நிபந்தனை. சிட்னியில் அண்ணன் இருக்கிறார், அவர் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் 191ஐயே இழக்க வைத்துவிடும். சிட்னியிலும் மெல்போர்னிலும் மட்டுமே வேலை கிடைக்கக்கூடிய தொழிலில் இருப்பவர் இந்த வழியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

482 விசா 2024 டிசம்பர் 7 முதல் புதிய வடிவில், தேவைமிகு திறன் விசா என்ற பொருள்தரும் பெயரில் வழங்கப்படுகிறது. முன்பு இரண்டாண்டு அனுபவம் கேட்டார்கள். இப்போது ஓராண்டு போதும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தால் 186 என்னும் நிரந்தர விசாவுக்கு அந்த நிறுவனம் நம்மைப் பரிந்துரைக்கலாம். வேலை போய்விட்டால், வேறு நிறுவனத்தைத் தேட ஒரே தடவையில் 180 நாள்கள் வரை அவகாசம் உண்டு; விசாக் காலம் முழுவதற்கும் மொத்தம் 365 நாள்கள். 2024 ஜூலைக்கு முன்பு இருந்த 60 நாள்களோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆறுதல். இருந்தாலும் முதலாளியின் தயவில் வாழும் நிலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் இந்த விசாவில் மெடிகேர் கிடையாது. குடும்பம் முழுவதற்கும் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும்.

அப்படியானால் இது யாருக்கு? 40ஐத் தாண்டியவருக்கு. 41 வயதுள்ள, அனுபவம் மிக்க, உயர்ந்த ஆங்கில மதிப்பெண் பெற்ற, துணைவருக்கான புள்ளிகளையும் முழுமையாகப் பெற்ற ஒருவருக்கு வயதுக்கு 15, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 20, அனுபவத்துக்கு 15, துணைவருக்கு 10 என்று 75தான் வருகிறது. நெரிசலான துறையில் அதைக் கொண்டு 189 அழைப்பை எதிர்பார்க்க முடியாது. 482க்கு வயது வரம்பு இல்லை. ஆனால் 186க்குப் பெரும்பாலோருக்கு 45 வயது வரம்பு உண்டு என்பதால், இரண்டு ஆண்டு வேலையையும் அதற்குள் முடிக்க, 42 வயதுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

இந்த வழியில்தான் மோசடியும் அதிகம். "ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன், இருபது லட்சம் கொடு" என்று கேட்பது ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம். 2015 டிசம்பர் முதல், கேட்பவர் மட்டுமன்றிக் கொடுப்பவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார், கொடுத்தவரின் விசாவும் பறிபோகலாம். நிறுவனம் கட்ட வேண்டிய பயிற்சி வரியைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதற்கும் அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள் குடியேற்ற ஆலோசனை தருகிறவர் அரசுப் பதிவு பெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ கடை விரித்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர் பதிவு பெறாதவராக இருந்தால் அவர்மீது முறையிட அங்கே இடமும் இல்லை. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இணையப் பட்டியலில் சரிபார்த்த பின்பே பணம் கொடுங்கள்.

படிப்பின் வழியாகப் போவதை இந்த நான்கோடும் வைத்துப் பேசுவது வழக்கம். குடியேற்றம் ஒன்றே நோக்கமானால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. ஓராண்டுச் செலவுக்கு 29,710 டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணம் தனி. படிப்புக்குப் பின் வேலை செய்ய உதவும் 485 விசாவுக்கான வயது வரம்பு 2024 ஜூலையில், ஆய்வுப் பட்டம் பெறுவோர் போன்ற சிலரைத் தவிர, 50இலிருந்து 35ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. 35 வயதில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் சேர்கிறவர் அதை முடிக்கும்போது 485க்குத் தகுதியற்றவராக இருப்பார். இதைச் சேர்க்கையின்போது சொல்லாமல் விடுவது மன்னிக்க முடியாதது. இருபதுகளில் இருப்பவருக்கு நிலை வேறு: இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்கள் முதுகலைக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை தங்கலாம், அந்த ஒப்பந்தத்தில் இலங்கை இல்லை என்பதால் இலங்கையர்களுக்கு வகுப்புவழி முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டுகளே. அடிலெய்ட் போன்ற பிராந்தியப் பகுதியில் படித்தால் ஆஸ்திரேலியப் படிப்புக்கு 5, பிராந்தியப் படிப்புக்கு 5 என்று 10 புள்ளிகள் சேரும்.

புள்ளி வழியில் போகிறவர்கள், அழைப்பு வேண்டித் தம் புள்ளிகளை அரசிடம் பதியும் விருப்பப் பதிவைச் செய்வதற்கு முன்பே திறன் மதிப்பீட்டையும் ஆங்கிலத் தேர்வையும் முடித்திருக்க வேண்டும். பதிவு இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. அழைப்பு வந்தால் 60 நாள்களுக்குள், முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,700 டாலருக்கு மேல் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். விருப்பப் பதிவில் எழுதிய ஒவ்வொரு புள்ளியும் அழைப்பு வந்த நாளில் உண்மையாக இருந்ததா என்று அதிகாரி பார்ப்பார். கழிக்கப்பட்ட இரண்டு ஆண்டு அனுபவத்தை மறந்து 5 புள்ளிகளைக் கூட்டி எழுதியவருக்கு, மீதிப் புள்ளிகள் 65க்கு மேல் இருந்தாலும், அழைப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டாததால் விசா மறுக்கப்படும். கட்டிய பணமும் திரும்ப வராது.