தெருச் சீட்டா, பேங்க் கடனா?

பண்பாடு பொருளாதாரத்தை வளர்க்குமா என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் காலத்திலிருந்து வாதாடுகிறார்கள். சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் அதே வாதம் 'சீட்டா, பேங்கா' என்று நடக்கும்.

ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் எல்லோரும் போடும் பணத்தை ஏலம் விடுவார்கள்; அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மாதப் பணம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஆக ஒரு லட்சம். மீன் விற்கும் அக்காவுக்கு அவசரம். 25,000 தள்ளிக் கேட்டு (அதாவது விட்டுக்கொடுத்து) 75,000 எடுக்கிறார். சீட்டு நடத்துபவருக்கு 5,000 போக, மீதி 20,000 எல்லோருக்கும் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். சம்பளச் சான்று, பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் எதுவும் வேண்டாம். நாளைக்கும் அதே குழாயடியில் முகம் பார்க்க வேண்டுமே, அந்தக் கூச்சம்தான் ஜாமீன். பண்பாடு என்கிறார்களே, அது இந்தக் கூச்சம்தான்; இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது, ஆனால் பல கூடைகளுக்கு முதல் போட்டது அதுதான்.

பேங்கில் வட்டி குறைவு, உண்மைதான். ஆனால் விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கூடையோடு நிற்பவர் வருமானச் சான்றுக்கு எங்கே போவார்?

சரி, சீட்டு நடத்துபவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்தால்? எங்கள் தெருவிலும் ஒருமுறை நடந்தது; அம்மாவின் பத்து மாதப் பணம் போச்சு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். தெருச் சீட்டில் யார் செய்கிறார்கள்? பேங்க் டெபாசிட்டுக்கோ 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

என்னைக் கேட்டால், சேமிப்பு பேங்கில், அவசரத்துக்கு மட்டும் சீட்டு. அம்மா இன்னும் இரண்டு சீட்டு கட்டுகிறார்.