மீன் காசு பாக்கி: மத்தியஸ்த சபையா, நீதிமன்றமா?

திருகோணமலையில் மீன் எடுத்த முதலாளி காசு தரவில்லை என்று வைப்போம். வழக்குப் போட்டால் சட்டத்தரணிச் செலவு, தவணைக்கு மேல் தவணை. வென்றாலும், அதே கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். (கூச்சக்காரருக்குக் கஷ்டம்தான்.) மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லமாட்டார், இரண்டு பக்கமும் பேசி ஒத்துப்போக உதவுவார். "மாசாமாசம் பிரிச்சுத் தாறன் அண்ணை, மீனை மட்டும் நிப்பாட்டாதேங்கோ" என்ற பேச்சுக்கு அங்கேதான் இடம். சட்டத்தில் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால் முதலில் சபைதான். தீராவிட்டால், தீரவில்லை என்று சபை தரும் சான்றிதழோடு வழக்குக்குப் போகலாம்.

ஆனால் எதிராளி சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்றால் பேச்சு உதவாது. தடையுத்தரவு நீதிமன்றத்தில்தான் கிடைக்கும்.