"ஜாயிண்டே தெரியாது தம்பி"ன்னு கடை ஓனர் சொன்னாரு, மூணு மாச சம்பளம் போச்சு. பாடி கிட் மோல்டிங் பண்ணப் போறவங்க படிங்க

இன்னைக்கு காலைல கார் கழுவிட்டு இருந்தேன், பின்னாடி வலது பக்க ஃபிளேர் (சக்கரத்துக்கு மேல வெளிய தள்ளி மாட்டற வளைவு) ஓரத்துல துணி மாட்டுச்சு, லேசா இழுத்தா உள்ளங்கை அளவுக்கு பட்டி, அதான் மேடு பள்ளம் நிரப்பப் பூசுற பேஸ்ட், அப்படியே பேந்துட்டு வந்துருச்சு. அதுக்கு கீழ என்ன இருந்துச்சு தெரியுமா? கம்பெனி பெயிண்ட். பளபளன்னு, தேய்ச்ச கீறல் ஒண்ணு இல்லாம, குனிஞ்சு பாத்தா என் மூஞ்சியே தெரியுது. அதாவது மோல்டிங் பண்ணிக் குடுத்த ஆள் பழைய பெயிண்ட தேய்க்கக்கூட இல்ல, அது மேலயே பட்டிய அப்பி கலர் அடிச்சுக் குடுத்துருக்கான். இதுக்கு நான் குடுத்தது முழுசா மூணு மாச சம்பளம்.

இன்னும் படபடப்பு அடங்கல, கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க. கடைசில எதையெல்லாம் பாக்கணும்னு விவரமா எழுதுறேன்.

நாலு ஃபைபர் ஃபிளேர், ரெண்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் சைடு ஸ்கர்ட் (கதவுக்குக் கீழ நீளமா மாட்டறது). இதுதான் என் கிட். சாதாரணமா ஃபிளேர ஸ்க்ரூ போட்டு ஓரத்துல ரப்பர் பீடிங் வச்சு முடிச்சுருவாங்க, அதோட விட்டிருந்தா இந்த பதிவே இருக்காது. எனக்குத்தான் அது ஒட்டு போட்ட சட்டை மாதிரி தெரிஞ்சுச்சு, பாடியோட ஒண்ணா கலந்து கம்பெனிலயே அப்படி வந்த மாதிரி வேணும்னு ஆசை, அதுக்குப் பேருதான் மோல்டிங். கடை பேரு சொல்லல, வீணா வம்பு எதுக்கு. வண்டி மாடிஃபை பண்ணி வீடியோ போட்டுட்டே இருக்க கடைன்னு மட்டும் வச்சுக்கோங்க.

நான் விழுந்த இடம் எதுன்னு இப்ப நல்லா தெரியுது. முத நாள் போனப்ப அங்க ஒரு வண்டி நின்னுச்சு, இதே மாதிரி மோல்டிங் பண்ணினது. ஓனர் என் கையப் புடிச்சு அந்த வண்டி ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்க பாடி தகடு) மேல வச்சு, "கண்ண மூடிட்டு தடவிப் பாரு தம்பி, தகடு எங்க முடியுது ஃபைபர் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு பாப்போம்"னாரு. தடவுனேன். சொல்ல முடியல. அவ்வளவுதான், மனசு அங்கயே விழுந்துருச்சு. அந்த வண்டி பெயிண்ட் அடிக்கிற ரூம விட்டு வெளிய வந்து ரெண்டு நாள்தான் ஆகுதுன்னு அங்க வேலை பாக்குற பையனே சொன்னான், அப்பக்கூட எனக்கு உறைக்கல. ரெண்டு நாள்ல எந்த பட்டிதான் வெடிக்கும்? "பின்னாடி வெடிக்காதாண்ணா?"ன்னு கேட்டேன், "வெடிச்சா உன் வண்டிய இங்க விட்டுட்டு என் வண்டிய எடுத்துட்டுப் போ"ன்னு சிரிச்சாரு. பாதி பணம் அன்னைக்கே குடுத்தேன். பெயிண்ட் வாங்கணும் ஹார்ட்னர் வாங்கணும்னு வேலை முடியறதுக்குள்ள மீதியும் வாங்கிட்டாரு. மூணு மாச சம்பளம், ஒரு பில் கூட இல்ல.

வண்டிய ராத்திரி குடுத்தாங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல. அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மறுநாள் வெயில்ல பாத்தப்பவே ஃபிளேர் சேர்ற இடத்துல உப்புத்தாள் கோடு லேசா தெரிஞ்சுச்சு. போன் பண்ணேன். "கலர் செட் ஆகணும் தம்பி, ஒரு மாசம் பொறு." மூணாவது வாரம் முடி மாதிரி ஒரு கோடு. "வெயில்ல நிறுத்துனீங்களா?" வண்டிய வெயில்ல நிறுத்தாம ஃப்ரிட்ஜுக்குள்ளயா வைக்க முடியும்? அப்புறம் ஸ்கர்ட் பக்கம் கோடு விழுந்துச்சு. "ஸ்பீட் பிரேக்கர்ல இடிச்சிருப்பீங்க." அப்புறம் "பிரஷர் வாஷ் பண்ணிருப்பீங்க." அப்புறம் "மாஸ்டர் லீவு." நேர்ல போனா அதே ஓனர், என் கையப் புடிச்சு தடவ வச்ச அதே மனுஷன், "ஃபைபர்னா அப்படித்தான் சார்"னாரு. தம்பி போய் சார் ஆயிட்டேன், கவனிச்சீங்களா.

இன்னைக்கு பேந்த துண்ட எடுத்துட்டு வேற ஒரு பழைய டிங்கர்கிட்ட போனேன். அவரு துண்ட திருப்பிப் பாத்தாரு, விரக்கட தடிமன் இருந்துச்சு, "இது பட்டி இல்லப்பா, செவுரு"ன்னாரு. பட்டி கடைசியா மேடு பள்ளம் சரி பண்ண மெல்லிசா இழுக்கறது, மூணு மில்லிமீட்டர்க்குள்ள நின்னா நல்லது, அத வச்சு ரெண்டு பொருள ஒட்டவே கூடாதாம். முறையா பண்றதுன்னா தகட்டுல பெயிண்ட் மொத்தமும் போற வரைக்கும் கிரைண்ட் பண்ணணும், ஃபைபர்லயும் அச்சுல இருந்து வர மெழுகு போக சொரசொரன்னு தேய்க்கணும், ரெண்டையும் பேனல் பசை போட்டு ரிவெட் அடிச்சு இறுக்கணும், சேர்ற இடத்துல கண்ணாடி நார் கலந்த பட்டியோ, இல்ல கண்ணாடி நார் விரிப்பும் ரெசினுமோ போடணும், அப்புறம்தான் சாதா பட்டி, பிரைமர், கட்டைல உப்புத்தாள் வச்சு தேய்ப்பு, கலர். இவ்வளவு பண்ணினாலும் வெயில்ல இரும்பு விரியறத விட ஃபைபர் ரெண்டு மடங்கு விரியும், ஏபிஎஸ் ஆறு மடங்குக்கு மேல, அதனால அடியில கட்டு சரியில்லன்னா மேல என்ன பூசுனாலும் கோடு விழத்தான் செய்யும். ஏபிஎஸ்க்கு அதுக்குன்னு தனி பசை, வளைஞ்சு குடுக்குற பட்டி வேணும். எனக்கு ரெண்டுக்கும் ஒரே டப்பா பட்டி. அது மட்டுமா, ஸ்கர்ட்டுக்கு கீழ தண்ணி வடியற ஓட்டையையும் சேத்து அடைச்சு வச்சுருக்கானுங்க, உள்ளயே தண்ணி நின்னு துரு புடிக்கட்டும்னு.

சரி பண்ணணும்னா எல்லாத்தையும் பேத்து எடுத்து முதல்ல இருந்து பண்ணணும்னு சொல்றாரு. போன மூணு மாச சம்பளம் போனதுதான்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், எனக்கே இப்ப பொறுமை இல்ல. அவசரத்துக்கு இத மட்டும் பாருங்க. புது வேலைய தடவிப் பாக்காதீங்க, ஒரு வருஷம் ஓடுன வண்டி எங்கன்னு கேளுங்க. பட்டி போடறதுக்கு முன்னாடி வெறும் தகடு தெரியற மாதிரி போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்பலன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. பம்பரையும் ஃபெண்டரையும் சேத்து மோல்டிங் பண்றேன்னு யாராவது சொன்னா ஓடிருங்க, பம்பர் கழட்டி மாட்டற ஐட்டம். ராத்திரில டெலிவரி எடுக்காதீங்க. முழுப் பணம் முன்னாடியே குடுக்காதீங்க, குடுக்காதீங்க.

இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே நாலு தடவ அந்த ஓனருக்கு போன் போட்டேன், ரிங் போய் கட் ஆகுது. பேந்த இடத்துல ஸ்க்ரூ போட்ட ஓட்டை ரெண்டு இருக்கு, பிரைமர் கூட தொடாம ஓரமெல்லாம் செவந்து போயிருக்கு. வானம் வேற இருட்டிட்டு வருது, போய் டேப்பாவது ஒட்டிட்டு வரேன்.